துப்பறியும் கதைக்காரரின் ஆண்டுக் கணக்கு

(2025 டிசெம்பர் இறுதியில் கிண்ணியாவில் ஆற்றப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இலண்டனிலிருந்து வெளிவந்த 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையின் 1891 ஜூலை இதழில் ஆர்தர் கொனன் டொயிலின் சிறுகதை ஒன்று அச்சானது. ஷெர்லொக் ஹோம்ஸை வைத்து அவர் எழுதிய முதல் சிறுகதை அது. அதற்கு முன் வந்த இரண்டும் நாவல்கள். பொஹீமிய மன்னர் ஒருவரின் பழைய புகைப்படத்தைப் பற்றிய கதை. அதன் தொடக்கத்தில், ஹோம்ஸைப் பிரிந்திருந்த நாட்களில் அவரைப் பற்றி அரசல்புரசலாகக் காதில் விழுந்ததை நண்பர் வாட்சன் சொல்லிக்கொண்டு போகிறார். ஒடெசா நகரில் ஒரு கொலை வழக்கு. அடுத்து, திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த துயரத்தின் மர்மத்தை ஹோம்ஸ் துலக்கிய விவகாரம்.

அவ்வளவுதான். யார் அந்தச் சகோதரர்கள், நடந்தது கொலையா விபத்தா, அத்தனை தூரம் கப்பலேறி வந்த ஹோம்ஸ் இங்கே யாரை எந்த மொழியில் விசாரித்தார் என்ற விவரம் எதுவும் கதையில் இல்லை. டொயில் அதைப் பிறகும் எழுதவில்லை. பிரித்தானியக் கடற்படை நங்கூரமிட்டிருந்த துறைமுகம் என்பதால் இலண்டன் வாசகருக்குத் திருகோணமலை கேள்விப்பட்ட பெயர். தூரமும் வெயிலும் ஒரே சொல்லில் வந்துவிடும். டொயிலுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். பிற்காலத்தில் மேற்கு நாட்டு ஹோம்ஸ் பித்தர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தங்கள் கற்பனையில் வழக்கை எழுதிப் பார்த்திருக்கிறார்கள். திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை வரைபடத்தில் பார்த்து எழுதுவது வேறு, குடாவின் காற்றில் வளர்ந்து எழுதுவது வேறு.

அதே 1891 இல்தான் திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' வெளிவந்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வழங்கிவந்த இரட்டையர் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்த நூல் அது. பிறந்தபோதே பிரிந்துவிட்ட இரட்டையரில் ஒருவன் கரடியிடம் வளர்கிறான், மற்றவன் அரண்மனையில். அங்கேயும் சகோதரர்கள், இங்கேயும் சகோதரர்கள். தற்செயல்தான். ஆனால் தற்செயலைச் சும்மா விடுகிறவர் துப்பறியும் கதை எழுத லாயக்கில்லாதவர்.

அதற்கு 6 ஆண்டுகள் முன்னரே, 1885 இல், கண்டியில் சட்டத்தரணியாக இருந்த அறிஞர் சித்திலெப்பை 'அசன்பே சரித்திரம்' எழுதியிருந்தார். சிறு பிராயத்தில் களவாடப்பட்ட பிள்ளை எகிப்திலிருக்கும் தன் வேரைச் சென்றடையும் கதை. 1895 இல் திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இலக்கிய வரலாறுகள் குறிப்பது அதைத்தான். கடத்தல், பிரிந்த உறவு, மறைந்துகிடக்கும் அடையாளம் என மர்மக் கதைக்கு வேண்டிய சரக்கெல்லாம் ஈழத்து நாவலின் தொட்டிலிலேயே இருந்திருக்கிறது. பின்னர் ந. பாலேஸ்வரி, அருள் சுப்பிரமணியம் என்று திருகோணமலை நாவல் வளர்ந்தது குடும்பத்தின் பக்கமும் சமூகத்தின் பக்கமும். துப்பறியும் நாவலுக்கு என்று போட்ட நாற்காலி மட்டும் ஏறத்தாழக் காலியாகவே தெரிகிறது. ஆண்டு முடிவில் ஒரு துப்பறியும் கதைக்காரர் தன் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தால் எழுதியதும் எழுதப்படாததும் எப்படிப் பிரியும் என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள். அந்தக் காலி நாற்காலி அதில் அடிக்கடி குறுக்கே வரும்.

மற்ற எழுத்தாளர்களைப் போல அல்லாமல் துப்பறியும் கதைக்காரருக்கு வருடக் கடைசி ஒரு கெடு. அகதா கிறிஸ்டியின் பதிப்பாளர்கள் நத்தாருக்கு ஒரு கிறிஸ்டி என்பதையே விளம்பரமாக்கி, பல ஆண்டுகள் அப்படியே விற்றார்கள். பண்டிகைக்குப் பலகாரம் போல வாசகருக்கு டிசெம்பரில் ஒரு பிணம் வேண்டியிருந்தது. அதே கிறிஸ்டியின் வாழ்க்கையில் மிகப் பெரிய மர்மமும் டிசெம்பரில்தான் நடந்தது. 1926 டிசெம்பர் 3 ஆம் திகதி இரவு வீட்டை விட்டுக் காரில் போனவரைக் காணவில்லை. அந்த ஆண்டில் தாய் இறந்திருந்தார். கணவர் வேறொரு பெண்ணை நாடியிருந்தார். 'ரொஜர் அக்ரோயிட் கொலை' வெளிவந்து பெயர் பரவியிருந்தது. கைவிடப்பட்ட கார் சரே பகுதியில் கிடைத்தது. நாடே தேடியது. கொனன் டொயில் தன் பங்குக்கு, கிறிஸ்டியின் கையுறை ஒன்றை ஆவியோடு பேசுகிறவரிடம் கொடுத்துப் பார்த்தார். ஹோம்ஸைப் படைத்தவர் செய்த காரியம் இது! டிசெம்பர் 14 ஆம் திகதி ஹரோகேட் நகர ஹோட்டல் ஒன்றில் கிறிஸ்டி கண்டுபிடிக்கப்பட்டார். கணவர் நாடிய பெண்ணின் குடும்பப் பெயரையே சூட்டிக்கொண்டு அங்கே தங்கியிருந்தார். பிறகு எழுதிய சுயசரிதையில் அந்த 11 நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வருகிற டிசெம்பரோடு அந்தக் காணாமற்போதலுக்கு 100 ஆண்டு. ஜனவரி 12 அவர் இறந்து 50 ஆண்டு நிறைகிற நாள். பத்திரிகைகள் இரண்டையும் கொண்டாடித் தீர்க்கப் போகின்றன. அவர் கணக்குப் பார்த்த முறையில் அதைவிடச் சுவையான ஒன்று உண்டு. தன் துப்பறிவாளர் பொய்ரோவின் கடைசி வழக்கை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்துவிட்டார். குண்டு விழுந்து தான் செத்தால் பொய்ரோ அந்தரத்தில் நிற்கக் கூடாது. அந்த நூல் 1975 இல் வெளிவந்தபோது 'நியூயோர்க் டைம்ஸ்' பொய்ரோவுக்கு முதற்பக்கத்திலேயே மரணச் செய்தி போட்டது.

இங்கிலாந்தின் பி. டி. ஜேம்ஸ் வேறு மாதிரி. 77 ஆவது பிறந்தநாளில் தொடங்கி 78 வரை ஒரே ஒரு ஆண்டுக்கு நாட்குறிப்பு எழுதி 1999 இல் நூலாக்கினார். உள்துறை அமைச்சில் பொலிஸ் பிரிவிலும் குற்றவியல் கொள்கைப் பிரிவிலும் வேலை பார்த்தவர். அந்த அனுபவம்தான் அவர் நாவல்களில் அலுவலகங்களின் மணத்தைத் தந்தது. உர்து உலகில் இப்னே சஃபி. இயற்பெயர் அஸ்ரார் அஹ்மத். 1952 இல் அலகாபாத்தில் 'ஜாசூசி துனியா' வரிசையைத் தொடங்கி, கராச்சிக்குக் குடிபெயர்ந்து, 1955 இல் இம்ரான் வரிசையைத் தொடங்கியவர். ஒவ்வொரு நாவலுக்கும் முன்னால் வாசகரோடு பேசும் முன்னுரை ஒன்று எழுதுவார்; போன கதையைப் பற்றி வந்த குறைக்குப் பதில், அடுத்த கதை பற்றிய உறுதி, இடையில் ஒரு குத்தல். 1960 முதல் 1963 வரை உளநோயால் எழுத முடியாமல் கிடந்தார். மீண்டு வந்தபோது வாசகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 1980 ஜூலை 26, தன் பிறந்தநாளன்றே இறந்தார். தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களில் இந்த மனிதரைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது ஆச்சரியம்தான்.

தமிழில் ஆண்டுக் கணக்கு என்றால் எண்ணிக்கைதான் முதலில் வருகிறது. கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1,500 ஐத் தாண்டியவை. அரை நூற்றாண்டு என்று வைத்தாலும் ஆண்டுக்கு 30. மாதம் இரண்டரை கொலை! பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா எல்லோரும் 1980களில் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களில் வாழ்ந்தவர்கள். சுஜாதா 1968 இல் 'நைலான் கயிறு' எழுதிக் கணேஷை அறிமுகம் செய்தார். வசந்த் பிறகு வந்து சேர்ந்தார். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கும் தேவனின் துப்பறியும் சாம்புவுக்கும் இன்றும் வாசகர் உண்டு. சாம்பு விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: அசடர் ஒருவர் தடுக்கி விழுந்து குற்றவாளியைப் பிடிப்பதாக எழுதியதன் மூலம், துப்பறிவாளரின் மேதைமையைத் தமிழில் முதலில் கிண்டல் செய்தவர்களில் தேவன் ஒருவர். அந்தத் தைரியம் அவருக்குப் பின் வந்த பலருக்கு இல்லை.

2024 நவம்பர் 10 ஆம் திகதி மதுரையில் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானார். அவர் எழுதிய 'மர்ம தேசம்' தொலைக்காட்சித் தொடரை இந்தப் பக்கத்து வீடுகளிலும் பார்த்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அவர் இல்லாத முதல் முழு ஆண்டு 2025. கோயில், சித்தர், காவல் தெய்வம், கிராமத்துப் பயம் இவற்றிலிருந்தே மர்மத்தை எடுத்தவர். எடுத்த முடிவுகளோடு எல்லோரும் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் மர்மம் அவருக்கு வெளியூரிலிருந்து வரவில்லை என்பது முக்கியம்.

ஏனென்றால் தமிழ்த் துப்பறியும் கதையின் பிறப்பே இரவல் சட்டையோடு நடந்தது. ஆரணி குப்புசாமி முதலியார் ஹோம்ஸை ஆனந்தசிங் ஆக்கினார். ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். அவருடைய 'ராஜாம்பாள்', 'சந்திரகாந்தா' இரண்டும் 1930களில் படமாயின. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950 இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தில் எம். என். நம்பியாராகப் பல வேஷங்களில் வந்தார். இவர்களில் ஐயங்காரே ஒரு படி மேலே. கும்பகோணத்து வக்கீல், மாமியார் வீடு, பணமோசடி என்று ஊரின் சீக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. ஈழத்தில், 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்பட்டபோது வீரகேசரிப் பிரசுரம் உள்ளூர் நாவல்களை வரிசையாக வெளியிட்டது. 'மித்திரன்' நாளிதழ் குற்றக் கதைகளுக்கும் தொடர்களுக்கும் பெயர் பெற்றது. வாசகர் இருந்தார்கள், அச்சகம் இருந்தது. ஆனால் துப்பறிவாளர் பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்தவர் போலவே நடந்துகொண்டார்.

துப்பறியும் நாவலுக்குத் துப்பறிவாளர் பின்னால் வரலாம். முதலில் வர வேண்டியது இடம். அந்த இடத்தில் உடல் எப்படிக் குளிர்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, பிணத்தை யார் முதலில் பார்க்க உரிமை உள்ளவர் என்பவை. இதற்கு இலங்கையிலேயே பெரிய சான்று உண்டு.

1951 ஒக்டோபர் 9 ஆம் திகதி கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டின் வாகனக் கொட்டகையில் பெண்ணொருவரின் உடல் கிடந்தது. கழுத்தின்மேல் மர உரல். அவருடைய கணவர் மகாதேவ சதாசிவம், இலங்கைக் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்த துடுப்பாட்ட வீரர். அவர் கைதானார். வீட்டு வேலைக்காரர் மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானார். கணவர் அன்று காலை பத்தரை மணியளவில் வாடகைக் காரில் வெளியேறியது தெரிந்த விஷயம். அதன் பிறகு அவர் எங்கெங்கே இருந்தார் என்பதற்கும் ஆட்கள் இருந்தார்கள். ஆகவே வழக்கு ஒரே கேள்வியில் வந்து நின்றது. உயிர் போனது பத்தரைக்கு முன்னா, பின்னா?

பதில் வெப்பமானியில் இருந்தது. அல்லது இருப்பதாக நம்பப்பட்டது. சட்ட வைத்தியப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம் உடலின் வெப்பத்தை அளந்து மரண நேரத்தைக் கணித்தார். சதாசிவம் தரப்பு எடின்பரோவின் புகழ்பெற்ற நிபுணர் சேர் சிட்னி சிமித்தை வரவழைத்தது. இங்கிலாந்துக் குளிரில் உடல் மணிக்கு இத்தனை பாகை குளிரும் என்று பாடப் புத்தகம் சொல்லும். சுற்றுப்புறமே வெந்துகொண்டிருக்கும் கொழும்பில் உடல் மெதுவாகத்தான் குளிரும். எவ்வளவு மெதுவாக? அதுதான் வழக்கு. சதாசிவத்துக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். 1953 ஜூன் 25 ஆம் திகதி ஜூரிகள் சதாசிவம் நிரபராதி என்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் நாவலாசிரியரை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டியது. டி சேரமும் சக வைத்தியர்களும் கொழும்பில் தூக்குத்தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் உடல்கள் குளிரும் வேகத்தை அளந்து 1955 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த உடல்களில் உயிர் பிரிந்த நேரம் நிமிடம் தவறாமல் தெரியும் அல்லவா? வெப்ப நாடுகளில் மரண நேரத்தைப் பற்றி எழுதுவோர் இன்றும் திரும்பிப் பார்க்கும் ஆய்வு அது. இலண்டன் பாடப் புத்தகத்தின் நேரத்தைத் தமிழ் நாவலில் அப்படியே போட்டவர்கள் எத்தனை பேரோ.

இனிக் கிண்ணியாவுக்கு வரலாம். 2009 ஒக்டோபர் 20 ஆம் திகதி 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவுக்கு வர 'பாதை' ஏற வேண்டியிருந்தது. வாகனத்தையும் ஆளையும் மாட்டையும் மூட்டையையும் ஒன்றாக ஏற்றி இழுத்துச் செல்லும் மிதவைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். கிண்ணியாவைத் தாண்டி மட்டக்களப்பு வீதியில் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று மேலும் துறைகள் இருந்தன. இன்னொரு பக்கம், திருகோணமலையிலிருந்து குடாவைக் குறுக்கே வெட்டி மூதூருக்குப் போகும் லோஞ்ச். தரைவழியாகப் போனால் ஒவ்வொரு துறையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. கடல்வழி நேரானது, ஆனால் வாடைக் காற்று எழும்பிவிட்டால் அதை நம்ப முடியாது. பாதை எந்தக் கரையில் நிற்கிறது, ஓட்டுநர் யார், முன்வரிசையில் நின்ற லொறி எது, யார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார் என்பதெல்லாம் அன்று முழு ஊருக்கும் தெரியும்.

ஜப்பானிய நாவலாசிரியர் மட்சுமொட்டோ செய்ச்சோ 1958 இல் ஒரு நாவலை நூலாக வெளியிட்டார். அதன் ஆணிவேர் 4 நிமிடம். தோக்கியோ புகையிரத நிலையத்தின் 13 ஆம் மேடையில் நிற்பவர், இடையில் புகையிரதம் எதுவும் மறைக்காமல் 15 ஆம் மேடையைப் பார்க்க முடிவது மாலையில் அந்த 4 நிமிடம் மட்டுமே. அந்த நேரத்தில் ஒரு ஜோடியைப் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார். பார்த்தது தற்செயலா? மீதியை இங்கே சொல்வது அந்த நாவலுக்குச் செய்யும் துரோகம். புகையிரத நேர அட்டவணையை வைத்து ஜப்பானிய வாழ்க்கையின் ஊழலையும் அவமானத்தையும் அவரால் எழுத முடிந்தது. அட்டவணையே இல்லாத பாதையை வைத்து எழுதினால் எவ்வளவு நுட்பமாக எழுதலாம்! தம்பலகாமக் குடாவுக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் நடுவிலுள்ள வாயில், கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே ஓடும், வற்றும்போது வெளியே இழுக்கும். மிதந்து வந்த செருப்பு ஒன்று எந்தப் பக்கம் ஒதுங்கியது என்பதை வைத்தே மீனவர் ஒருவர் நேரத்தைச் சொல்லிவிட முடியும். ஹோம்ஸ் வந்திருந்தாலும் அவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

பாதையை வெறும் கதைப் பொருளாகப் பார்க்க முடியாது என்பதும் உண்மை. 2021 நவம்பர் 23 ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலைக்காக மாற்றாக ஓடிய மிதவை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உள்ளிட்டோர் இறந்தார்கள். அதை எழுதத் துணிகிறவர் முடிச்சுக்காக அந்தப் பிள்ளைகளைத் தொடக் கூடாது.

அடுத்தது விசாரணை. தமிழ் நாவல்களில் பிணம் விழுந்ததும் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்குவார். இலங்கைச் சட்டத்தில் அதற்கு வேறொரு ஆள் இருக்கிறார்: திடீர் மரண விசாரணை அதிகாரி. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி நியமனமாகும், பொலிஸ் அல்லாத, பெரும்பாலும் ஊரில் மதிப்புள்ள ஒருவர். சந்தேகமான மரணம் என்றால் உடலைப் பார்ப்பார், சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பதிவார், வேண்டுமானால் சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனைக்கு அனுப்புவார். முஸ்லிம் ஊரில் அவருடைய பாடு இன்னும் கடினம். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்க வேண்டும் என்பது மார்க்கம். வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்துக் கையால் எழுதிக்கொண்டிருப்பார். உள்ளே உம்மாமாரின் அழுகை. மையவாடியில் குழி தயார். யாராவது காக்கா ஒருவர் குனிந்து, "சேர், மஃரிபுக்கு முந்தி எடுத்திரலாமா?" என்று கேட்பார். அவர் மனத்தில் ஒரு சின்ன உறுத்தல்: வாக்குமூலம் கொடுத்த மச்சானின் கால்சட்டை விளிம்பில் ஏன் சேறு காய்ந்திருக்கிறது? எழுதி முடித்து அனுமதி கொடுத்துவிட்டால் அந்த உறுத்தலையும் சேர்த்து மண் மூடிவிடும். கொடுக்காவிட்டால் ஊர் அவரை மன்னிக்காது. கெடு இதைவிடக் கடுமையாக எந்தக் கிறிஸ்டி நாவலில் இருக்கிறது? துப்பறிவாளரைச் சென்னையிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. அவர் ஏற்கெனவே நியமனக் கடிதத்தோடு இங்கேதான் இருக்கிறார்.

1929 இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதினார். முன்கூட்டிச் சொல்லாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பது அதிலொன்று. இன்னாசித்தம்பி மயிரிழையில் தப்பினார். (1660 இல் கொட்டியாரத்தில் கண்டி மன்னரின் ஆட்களிடம் பிடிபட்டு 19 ஆண்டு சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் வேறொருவர், அவரையும் யாராவது ஒரு நாள் நல்ல மர்ம நாவலாக்க வேண்டும்.) கட்டளைகளின் சாரம் இது: வாசகரிடம் எல்லாத் தடயத்தையும் காட்டு, முடிவில் பதில் கொடு.

பதில் கொடு என்பது இந்த மண்ணில் லேசான கட்டளை இல்லை. வருகிற ஜனவரி 2 ஆம் திகதியோடு திருகோணமலைக் கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்டு 20 ஆண்டு. அந்த வழக்கில் சந்தேகநபர்களான 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019 ஜூலையில் திருகோணமலை நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். 2006 ஓகஸ்டில் மூதூரில் 17 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கும் தண்டனை பெற்றவர் இல்லை. காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் 2018 இல் இயங்கத் தொடங்கியது. பிள்ளைகளின் படத்தை ஏந்திய தாய்மார் இன்னும் வீதியோரத்தில் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் 180 ஆம் பக்கத்தில் குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கும் நாவல் ஆறுதலா, அவமதிப்பா?

இந்தக் கேள்விக்கு ஆங்கிலத்தில் எழுதும் இலங்கையர் இருவர் விடை தேடியிருக்கிறார்கள். மைக்கல் ஒண்டாச்சியின் 'அனிலின் ஆவி' (2000) ஒரு தடயவியல் மானிடவியலாளர் ஓர் எலும்புக்கூட்டுக்குப் பெயர் தேடுவதைப் பற்றியது. ஷெஹான் கருணாதிலகவின் 2022 புக்கர் பரிசு நாவலில், கொல்லப்பட்ட புகைப்படக்காரரே 1990 கொழும்பில் தன்னைக் கொன்றவர் யார் என்று தேடி அலைகிறார். அவருக்கு இருப்பது ஏழு நிலவுகளின் அவகாசம். துப்பறியும் கதையின் எலும்பை இருவரும் எடுத்துக்கொண்டார்கள், தீர்ப்பின் சுகத்தை மட்டும் வாசகருக்குக் கொடுக்க மறுத்தார்கள். தமிழில் அந்த வேலை மிச்சமிருக்கிறது. நடந்த கொலைகளின் பெயரை மாற்றி விறுவிறுப்பு நாவல் பண்ணுவதைவிட, ஒரு வாக்குமூலம் எப்படிக் காணாமற்போகிறது, ஒரு சாட்சி ஏன் இரண்டாம் முறை வேறுவிதமாகப் பேசுகிறார் என்பதைப் பொறுமையாக எழுதுவதே நேர்மை.

இந்த ஆண்டின் கணக்கில் கிழக்குக்கு நவம்பர் இறுதியின் டித்வா புயலும் மகாவலியின் வெள்ளமும் சேர்ந்துவிட்டன. நாடு முழுவதும் 600 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கிண்ணியாவுக்கு டிசெம்பர் கடைசி வாரம் என்றாலே, வைத்தியசாலையையும் சேர்த்து அடித்துப்போன 2004 ஆம் ஆண்டுக் கடல் நினைவில் வரும். வெள்ளம் வடிந்த பின்னர் எல்லைக்கல் நகர்ந்திருக்கும், உறுதிப்பத்திரம் கரைந்திருக்கும், செத்தவர் யார் ஓடிப்போனவர் யார் என்ற கேள்வி நிற்கும். குற்றக் கதைக்காரருக்கு இவையெல்லாம் பொருள்தான். கொஞ்சக் காலம் கழித்துத் தொட வேண்டிய பொருள்.

சரி, 2026 இல் என்ன எதிர்பார்க்கலாம்? கைக்கெட்டும் தூரத்தில் சில இருக்கின்றன. ஜனவரி முதலாம் திகதி அமெரிக்காவில் 1930 இன் நூல்கள் பொதுவுடைமை ஆகின்றன: கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிள் வரும் முதல் நாவலும் டெஷியல் ஹமெட்டின் 'மோல்டீஸ் பல்கன்' நாவலும் அதில் வருகின்றன. நமக்கு அது உடனே உதவாது. 2003 இன் இலங்கைப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியர் காலத்துக்குப் பின் 70 ஆண்டு உரிமை கொடுக்கிறது. அந்தக் கணக்கில் கிறிஸ்டிக்கு 2046 வரை பொறுக்க வேண்டும். ஆனால் 1930 இல் இறந்த டொயிலும், 1936 இல் இறந்த செஸ்டர்டனும், 1942 இல் இறந்த வடுவூராரும் இப்போதே தடையின்றிக் கிடைக்கிறார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டே மனிதரை அறிந்த செஸ்டர்டனின் பிரவுண் பாதிரியாரை ஈழத்துத் தமிழில் யாராவது நல்லபடியாக மொழிபெயர்த்தால், துப்பறிவாளர் என்றால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் என்ற எண்ணம் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமாவது மாறும்.

இன்னொன்றுக்குக் காசே வேண்டாம். திருகோணமலை நீதிமன்றத்தின் பெரும்பாலான அமர்வுகள் திறந்தவை. யாரும் போய் வாங்கில் உட்காரலாம். காணித் தகராறு, ஜீவனாம்சம், களவு, எப்போதாவது ஒரு கொலை. மொழிபெயர்ப்பாளர் சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று ஒரு சாட்சியின் தயக்கத்தை என்ன செய்கிறார் என்று ஒரு மாதம் கவனிக்கும் இளைஞருக்கு ஒரு நாவலின் முதல் அத்தியாயம் கிடைத்துவிடும். சதாசிவம் வழக்கின் சாட்சியங்களை வைத்துப் பேராசிரியர் ரவீந்திர பெர்ணாண்டோ ஆங்கிலத்தில் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். அதை முதலில் படித்துவிட்டுப் போவது நல்லது. ஓய்வுபெற்ற திடீர் மரண விசாரணை அதிகாரிகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் பெயர் கேட்க வேண்டாம், வழக்கும் கேட்க வேண்டாம். ஜனாஸா வீட்டில் முதலில் எங்கே உட்காருவார்கள், யாரை முதலில் பேச வைப்பார்கள், எப்போது பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்கள் என்று மட்டும் கேட்டால் போதும்.